‘யாரைப் பாக்கணும்?’: நீலகிரியில் நான்கு நாள் கல்லூரிக் களப்பயணம்

முதல் நாள், செவ்வாய்

நீலகிரிக் கல்லூரிகளைப் பார்க்க, காலை 6 மணிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு வேன்கள் கிளம்பின. பிளஸ் டூ பிள்ளைகள் 24 பேர், ஆசிரியர்கள் 3 பேர், கூட வந்த பெற்றோர் 4 பேர். எல்லாம் காரமடை, சிறுமுகைப் பக்கத்து வீடுகள். வாசலில் நின்றால் மலை தெரியும். ஆனால் பாதிப் பிள்ளைகள் ஊட்டி பார்த்ததில்லை. கல்லூரிக்குள் போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இந்தப் பயணத்தில் முதல் சிக்கல் தேதி. நவம்பர், டிசம்பரில் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு. ஜனவரித் தொடக்கத்தை ஒட்டிப் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நீலகிரியில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். கீழ்நாட்டு நாட்காட்டியில் அது இருக்காது. அடுத்துப் பொங்கல், குடியரசு நாள். பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு வந்துவிடும். ஏப்ரல், மே என்றால் கல்லூரியில் மறுபடி தேர்வு, சாலையில் சீசன் கூட்டம். மிஞ்சுவது ஜனவரி கடைசி வாரம். வகுப்பு நடக்கிற நாளில் போகாவிட்டால் பூட்டிய ஆய்வகத்தை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மே மாதம் தவிர வழியில்லை என்பவர்களுக்கு ஒரு குறிப்பு: சீசனில் போலீசார் சாலையை ஒருவழி ஆக்கிவிடுவார்கள். ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. குன்னூர்க் கல்லூரிகளை ஏறும்போதே பார்த்துவிட வேண்டும்.

வேனில் போனால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, வரும் நாள், திரும்பும் நாள் கொடுத்தால் இணையத்திலேயே கிடைத்துவிடும். தவறு நடப்பது வேறு இடத்தில். முந்தின இரவு வேன்காரர் வண்டியை மாற்றி அனுப்பிவிடுவார், பாஸில் பழைய எண் இருக்கும். கிளம்புவதற்கு முன் நம்பர் பிளேட்டையும் பாஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கல்லாறு சோதனைச் சாவடியில் பாஸ் சரியாக இருந்தது. மாட்டியது தண்ணீர். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதை முன்கூட்டியே சொல்லியும் பதினொரு பிள்ளைகள் ஒரு லிட்டர் பாட்டிலோடு வந்திருந்தார்கள். காசு கொடுத்து வாங்கியதை விட மனமில்லை. நின்ற இடத்திலேயே முழுதையும் குடித்துவிட்டுக் காலி பாட்டிலைக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் இரண்டு வேன்களையும் பர்லியாறில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துவரச் சொல்லுங்கள். மேலே ஊருக்கு ஊர் குடிநீர் ஏ.டி.எம். இருக்கிறது.

குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கண் வேனுக்குள்ளேயே இருக்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒவ்வொரு திருப்பத்தையும் உணர்கிறது, இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு புரட்டும். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். பூரி வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். வாந்தி வருகிறவர்களை முன் சீட்டில் வைத்துச் சாலையைப் பார்க்கச் சொல்ல வேண்டும், செல்போனை வாங்கி வைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் பை கூடாது என்பதால் இரட்டைக் காகிதப் பை செய்து, உள்ளே ஒரு பிடி மரத்தூள் போட்டு வைக்கலாம். இன்று பை இருந்தது, ஆனால் அடுத்த வேனில். ஆறாவது வளைவில் ஒரு பையன் கைக்குக் கிடைத்ததைத் திறந்தான். அது பக்கத்துச் சீட்டு நண்பனின் சான்றிதழ் ஃபைல். உள்ளே இருந்தது எல்லாம் ஜெராக்ஸ் என்பதால் சிரிப்போடு போயிற்று. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, சாதிச் சான்று எதற்கும் அசல் தேவையில்லை. சேர்க்கை நாளன்று மட்டும்தான் அசல்.

குன்னூரில் முதல் கல்லூரி வாசல். எது எங்கே நடந்தது என்று இந்தக் குறிப்புகளில் எழுதப்போவதில்லை. கல்லூரிகளின் தவறு எதுவும் இதில் இல்லை. காவலர் கேட்டது ஒரே கேள்வி.

“யாரைப் பாக்கணும்?”

முப்பத்தோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “காலேஜைப் பாக்கணுமுங்க” என்றார் ஒரு அப்பா. பதிலில் தவறில்லை, ஆனால் கதவு திறக்காது. கல்லூரியோடு கடிதப் போக்குவரத்து முடிந்திருந்தது, கடிதம் பின்னால் வந்த வேனில் இருந்தது. கடிதத்தில் இருக்க வேண்டியவை: நாள், வரும் நேரம், கிளம்பும் நேரம், மாணவர், மாணவியர் தனித்தனி எண்ணிக்கை, யார் எந்தப் பாடப்பிரிவு, எந்தத் துறைகளைப் பார்க்க விருப்பம், பொறுப்பாசிரியரின் கைப்பேசி எண். பதினைந்து நாள் முன்பு அனுப்பி, வரவேற்கப் போகிற பேராசிரியரின் பெயரைக் கேட்டு வாங்கி, அந்தப் பெயரைப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். முதலில் இறங்குகிறவர் கையில் இரண்டு பிரதி இருக்க வேண்டும். ஒன்று வாசலுக்கு, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து.

உள்ளே போனதும் அடுத்தது. கோட்டும் டையுமாக ஒருவர் வராந்தாவில் வந்தார். 24 பேரும் வரிசையாக நின்று, பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்துக் குரலில் “வணக்கம் ஐயா!” என்றார்கள். அவர் ஆய்வகக் கருவிகள் விற்க வந்த பிரதிநிதி. கூச்சத்தோடு அவரும் கைகூப்பினார். நாங்கள் பார்க்க வேண்டிய பேராசிரியர் ஸ்வெட்டரும் மப்ளரும் குரங்குக் குல்லாவுமாக அவருக்குப் பின்னால் நின்று காத்திருந்தார். மலையில் உடையை வைத்து ஆளைக் கணக்குப் போட முடியாது. குளிருக்கு முதல்வர், எழுத்தர், தோட்டக்காரர் எல்லோருக்கும் ஒரே குல்லா. எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிடுவது நல்லது என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள். நான்கு நாளும் அதைக் கடைப்பிடித்தார்கள்.

குன்னூரில் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி போல மகளிருக்கான கல்லூரிகள் இருப்பதால் பையன்களுக்கு அந்த நேரத்தில் வேறு வேலை வைக்க வேண்டும். வாசலில் நிறுத்தி வைத்தால் அவர்களுக்கும் சங்கடம், வருகிற போகிற மாணவிகளுக்கும் சங்கடம். பத்துப் பையன்களைச் சிம்ஸ் பூங்காவுக்கு அனுப்பினோம். 1874இல் தொடங்கிய பூங்கா, மரங்களுக்குப் பெயர்ப்பலகை உண்டு. உயிரியல் படிக்கிறவர்கள் ஆளுக்குப் பத்து மரத்தின் தாவரவியல் பெயரும் குடும்பமும் எழுதி வரவேண்டும். ருத்ராட்ச மரத்தடியில் கொட்டை பொறுக்குவதில் அரை மணி போனது. போகட்டும்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிட்டது. வழிகாட்ட வந்த இரண்டாம் ஆண்டு மாணவி, “அதோ தெரியுதே, அதுதான் நூலகம், அதுக்குக் கீழ விளையாட்டு மைதானம்” என்று கை நீட்டினாள். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மரியாதைக்காக எல்லோரும் தலையாட்டினார்கள். திறந்தவெளியைக் காலையில் பாருங்கள், வகுப்பறை, ஆய்வகம், நூலகம் எல்லாம் மதியத்துக்கு மேல்.

ஊட்டிக்குப் போகும் வழியில் வெலிங்டன். பாதுகாப்புப் படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியின் பெயரைப் பார்த்ததும் ஒரு பையன், “இதுக்கு எப்ப அப்ளிகேஷன் போடுவாங்க?” என்றான். ஏற்கெனவே முப்படையில் பணியாற்றும் இடைநிலை அதிகாரிகள் படிக்கும் இடம் அது. முடிக்கிறவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டம் உண்டு. பிளஸ் டூ முடித்தவருக்கு வழி என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வு, மத்தியத் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. ராணுவப் பகுதியில் வேனிலிருந்துகூடப் படம் எடுக்க வேண்டாம்.

இரவில் கேள்வி அட்டைகளைப் பார்த்தோம். ஆளுக்கொரு தபால் அட்டை அளவுத் தாள் கொடுத்து, கல்லூரியில் கேட்க விரும்பும் மூன்று கேள்விகளை எழுதச் சொல்லியிருந்தோம். 24 அட்டைகளில் பத்தொன்பதில் முதல் கேள்வி ஒன்றே: “இக்கல்லூரி எப்போது தொடங்கப்பட்டது?” பதில் வாசல் பலகையில் இருக்கிறது. அதைக்கூட வாய்விட்டுக் கேட்டவர் இல்லை. “கேள்வி ஏதாவது இருக்கா?” என்று பேராசிரியர் கேட்டபோது பின்வரிசை தரையைப் பார்த்தது, முன்வரிசை ஆசிரியரைப் பார்த்தது.

இரண்டாம் நாள், புதன்

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காலை 7 மணிக்குப் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. ஒன்பது மணி வரை புல்சரிவில் நடக்கக் கூடாது. பனி கரைந்த ஈரத்தில் ரப்பர் செருப்பு வழுக்கும். கேன்வாஸ் ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ் போதும்.

அரசு கலைக் கல்லூரி இருக்கிற இடம் ஸ்டோன் ஹவுஸ், ஊர் வழக்கில் கல் பங்களா. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் கட்டியது. ஊட்டியில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு. கல்லூரி தொடங்கியது 1955. பத்தொன்பது அட்டைகளின் கேள்விக்கு இங்கே மட்டுமாவது ஒரு நல்ல பதில் கிடைத்தது. வனவிலங்கு உயிரியலுக்குத் துறை இருக்கிறது என்றதும் உயிரியல் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். ஊரில் யாரும் அப்படி ஒரு படிப்பைச் சொன்னதில்லை.

மலைக் கல்லூரி என்றாலே படிக்கட்டுகள்தான். வழிகாட்டும் மாணவர்கள் ஏறிக்கொண்டே பேசுவார்கள், தினமும் ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்காது. சமவெளிப் பிள்ளைகளுக்குப் பத்தாவது படியில் நெஞ்சு அடிக்கும், காதில் ஒன்றும் ஏறாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. பேசுகிறவர் நம்மைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்பார். மலைப் படிகள் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஒரு வழிகாட்டி அண்ணன் அப்படியே ஹைட்ரேஞ்சியாச் செடிக்குள் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் 24 பேரும் விறைத்து நின்றார்கள். அவரே முதலில் சிரித்ததால் பிழைத்தோம். வழிகாட்ட வருகிறவரிடம் முன்பே சொல்லிவிடலாம்: மேலே போய் நின்று, இரண்டு நிமிடம் விட்டு, அப்புறம் பேசுங்கள்.

இன்றைய நாளின் பெரிய விஷயம் வகுப்பறையில் நடந்தது. நடக்கிற வகுப்பில் உட்கார்ந்து கேட்பதுதான் களப்பயணத்தில் மிகப் பயனுள்ள பகுதி. இருபது நிமிடம் போதும், ஆறு பேருக்கு மேல் ஒரு வகுப்பில் கூடாது. பாடத்தின் நடுவில் கதவைத் தட்டக் கூடாது, மணி அடித்ததும் நுழைந்துவிட வேண்டும். அப்படி ஒரு வகுப்பில் ஆறு பேரை விட்டோம். பேராசிரியர் வருகைப் பதிவு எடுத்தார். ஒரு பெயர் வந்தது. நம் பையன் ஒருவனுக்கும் அதே பெயர். பன்னிரண்டு வருடப் பழக்கம், யோசிக்காமல் எழுந்து நின்று உரக்கச் சொன்னான்: “உள்ளேன் ஐயா!”

கல்லூரியில் அப்படிச் சொல்கிற வழக்கம் இல்லை. அந்தப் பெயருக்கு உரிய மாணவர் அன்று வரவுமில்லை. வகுப்பு முழுவதும் மேசையைத் தட்டிச் சிரித்தது. பையனுக்குக் காது சிவந்துவிட்டது. பேராசிரியர் பேனாவை மூடிவிட்டு, “உக்காருப்பா. அடுத்த வருஷம் இந்தப் பேருக்கு நீயே வந்துடு” என்றார். பக்கத்திலிருந்த மாணவர்கள் இடம் ஒதுக்கிக் கொடுத்து, எந்த ஊர், எந்த குரூப் என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதல் கேள்வி நம் பக்கமிருந்து அங்கேதான் வந்தது: “அண்ணா, இங்கிலீஷ்ல நடத்தறாங்களே, உங்களுக்கு மொதல்ல புரிஞ்சுதா?” அவர்கள் சொன்ன பதில் எந்தக் கையேட்டிலும் இல்லாதது. முதல் ஆறு வாரம் புரியவில்லையாம். பாடச் சொற்களை மட்டும் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்களாம். சீனியர்களின் நோட்டு துறையிலேயே சுற்றுமாம்.

பிள்ளை தடுமாறுகிற நேரத்தில் கூட வந்த ஆசிரியர் பாய்ந்து போய் மன்னிப்புக் கேட்பது, கண்ணை உருட்டுவது இரண்டும் வேண்டாம். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் வாய் திறக்கிறது. இன்று பிற்பகல் முழுவதும் அந்த வகுப்பில் உட்கார்ந்த ஆறு பேர்தான் மற்றவர்களுக்காகவும் கேள்வி கேட்டார்கள்.

சேர்க்கை மேசையில் நடந்தது வேறு மாதிரி. பேராசிரியை ஒரு மாணவியிடம், “உனக்கு என்ன படிக்கணும் கண்ணு?” என்றார். “பி.காம்.முங்க மேடம்” என்று பதில் வந்தது, அப்பாவிடமிருந்து. “எந்த ஊரு?” அதற்கும் அப்பா. “உன் பேரு என்ன?” அப்பாவே சொன்னார். பேராசிரியை கோபப்படவில்லை. “ஏனுங்க, கேன்டீன்ல டீ நல்லா இருக்கும், நீங்க குடிச்சிட்டு வாங்க” என்றார். அவர் திரும்பி வரும்போது அந்தப் பெண் விலங்கியல் துறைக்கு வழி கேட்டுக் கிளம்பியிருந்தாள். அப்பாவின் அக்கறையை யாரும் குறை சொல்ல முடியாது, ஒரு நாள் கூலியை விட்டு வந்திருந்தார். பெற்றோர் கேட்க வேண்டியவற்றுக்குத் தனி நேரம் வைத்துவிட்டால் இது வராது. பிள்ளைகள் துறைகளுக்குப் போகிற அரை மணி நேரத்தில் பெற்றோர் நால்வரும் அலுவலகத்தில் உட்காரட்டும்.

அங்கே கேட்டறிய வேண்டியது சில. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தமிழ்நாடு முழுவதும் ஒரே இணைய விண்ணப்பம், பிளஸ் டூ முடிவை ஒட்டி மே மாதத்தில் திறக்கும். கடந்த ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குப் பதிவுக் கட்டணம் மட்டும். “போன வருஷம் எங்க இடஒதுக்கீட்டுப் பிரிவுல கடைசியா எடுத்த ரேங்க் என்ன?” என்று துறைவாரியாகக் கேளுங்கள். இதைவிடப் பயனுள்ள கேள்வி கிடையாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேர்ந்தால் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1000 ரூபாய். பணம் தடைபடுவது பெரும்பாலும் வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததால். பெயரின் தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும் இன்னொன்றில் பின்னும் இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள்.

மூன்றாம் நாள், வியாழன்

இன்று பாதி நாள் தொழிற்படிப்புகளுக்கு. அரசு மருத்துவக் கல்லூரியை வெளியிலிருந்துதான் பார்த்தோம். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று, 150 இடம். நோயாளிகள் வருகிற இடத்தில் கும்பலாகச் சுற்றுவது சரியல்ல. நீட், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பற்றி வேனிலேயே பேசிக்கொண்டோம்.

மருந்தியல் பற்றிப் பிள்ளைகளுக்கு மருந்துக்கடை மட்டுமே தெரியும். டி.ஃபார்ம். 2 ஆண்டு, பி.ஃபார்ம். 4 ஆண்டு, ஃபார்ம்.டி. 6 ஆண்டு. மாத்திரை அச்சடிக்கும் எந்திரம் இயங்குவதைப் பார்த்ததும் ஒருவன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, “இது எந்தக் காய்ச்சலுக்குங்க சார்?” என்றான். மாணவர்கள் பழகுவதற்காக மருந்தே சேர்க்காமல் மாவுப்பொருளில் அடித்த வில்லை அது. ஆய்வகத்தில் தொடக் கூடாதவை எவை என்று நுழைவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அவன் கேட்ட கேள்வி மட்டும் நல்ல கேள்வி. பத்து நிமிடம் மாத்திரையில் மருந்து எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று விளக்கம் கிடைத்தது.

மாணவியர் விடுதிக்கு ஆண்கள் பார்வையாளர் அறை வரைதான். ஆசிரியர் ஒருவரும் அப்பாக்கள் மூவரும் நாற்பது நிமிடம் வாசல் வெயிலைத் தேடித் தேடி நின்றார்கள். கூட ஓர் ஆசிரியையும் ஓர் அம்மாவும் இருந்ததால் உள்ளே போக முடிந்தது. அறையைக் காட்டிய மாணவி, “உக்காந்து பாருங்க, கட்டில் நல்லா இருக்கும்” என்றாள். மூன்று கம்பளி குவிந்து கிடந்த கட்டிலில் அம்மா உட்கார்ந்தார். கம்பளி “ஐயோ” என்றது. இரவெல்லாம் ரெக்கார்டு எழுதிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த பெண். எழுந்து உட்கார்ந்தவள், “பரவால்லங்க ஆன்ட்டி” என்று நகர்ந்து இடம் கொடுத்தாள். அம்மா அவள் தலையைத் தடவி, சாப்பிட்டாளா என்று விசாரித்து, அதற்குள் பேச்சு விடுதியின் நிஜங்களுக்கு வந்துவிட்டது. வெந்நீர் காலை குறிப்பிட்ட நேரம் மட்டும். ஜூன், ஜூலை மழையில் சூரிய வெந்நீர்க் கருவி வேலை செய்யாது. துவைத்த துணி காய நான்கு நாளாகும், ஆகவே ஐந்து செட் உள்ளாடை குறைந்தபட்சம். அறையில் ஹீட்டர், வாட்டர் ஹீட்டர் ராடு வைக்க அனுமதி கிடையாது. தலைக்கு வாரம் இரண்டு நாள் மதியம் குளிக்க வேண்டும், இரவில் கூடாது. வார்டனிடம் கேட்டிருந்தால் இதில் பாதி கூட வந்திருக்காது.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு அப்பா சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்து, “கொஞ்சம் வேகலீங்களே” என்று சமையற்காரரிடம் சொல்லிவிட்டார். இது எல்லா மலை விடுதியிலும் கேட்கிற குறை, காரணம் சமையற்காரர் அல்ல. இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எத்தனை விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. அரிசிக்குக் கூடுதல் நேரம், பருப்புக்குக் குக்கர் அல்லது நீராவிக் கொதிகலன். இயற்பியல் படிக்கும் மாணவி ஒருத்தி எழுந்து அப்பாவுக்கு அதை விளக்கினாள். சமையற்காரர் அவளுக்கு இன்னொரு அப்பளம் போட்டார்.

மாலையில் ஊட்டி அருகே முத்தோரை. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970இல் அமைத்தது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே அளவு சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து வடக்குத் தெற்காக நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது, ஒரே அச்சில் திருப்பினால் ஒரு விண்பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும், செல்போன்களை அணைத்துவிட வேண்டும்.

“ரேடியோன்னா இதுல பாட்டு கேக்குமுங்களா சார்?”

கேட்டவன் ஃபைலில் வாந்தி எடுத்த பையன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். விளக்கிக்கொண்டிருந்தவர் சிரிக்கவில்லை. எஃப்.எம். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை, இந்தத் தொலைநோக்கி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ் அருகில், அங்கே நிலையம் எதுவும் பாடுவதில்லை, சூரியனும் விண்மீன் கூட்டங்களும்தான் இரைகின்றன என்றார். செல்போனை ஏன் அணைக்கச் சொன்னோம் என்பதும் அதிலேயே புரிந்துவிட்டது. சிரித்தவர்களுக்கு அதுவரை அது புரிந்திருக்கவில்லை.

நான்காம் நாள், வெள்ளி

கடைசிக் கல்லூரி. முற்பகல் நன்றாகவே போனது. ஒரு மணிக்குத் துறைத்தலைவர் வந்து, “எல்லாரும் சாப்பிட்டீங்களா?” என்றார். “சாப்ட்டோம் மேடம்!” என்று 24 குரல். ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பதுதான் வளர்ப்பு. அவர் நம்பிவிட்டார், கேன்டீன் ஒன்றரைக்கு மூடிவிட்டது. மலைக் கேன்டீன்களில் தலை எண்ணித்தான் சமைப்பார்கள், முப்பது பேர் திடீரென்று போனால் இருப்பது வர்க்கியும் டீயும்தான். காலை பத்து மணிக்குள் எண்ணிக்கை சொல்லி முன்பணம் கட்டி டோக்கன் வாங்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள், கல்லூரியில் யாராவது சாப்பிட்டாயா என்றால் உண்மையைச் சொல்லலாம்.

ஆளுக்கு இரண்டு வர்க்கியோடு கோத்தகிரி வழி இறங்கினோம். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு திருப்பத்தில் குழுப்படம் எடுக்க நிறுத்தியபோது, செடிகளுக்கு நடுவே ஒரு காட்டுமாடு நின்று பார்த்தது. ஊரில் எருமை மேய்க்கிற பையன் ஒருவன் பழக்கத்தில் “ஹே, ஹே” என்று கையை ஓங்கி இரண்டு எட்டு வைத்துவிட்டான். ஓட்டுநர் அவன் சட்டைக் காலரைப் பிடித்து வேனுக்குள் இழுத்துப் போட்டார். எருமைபோல விரட்டினால் போகும் உயிரினம் அல்ல அது, ஆண் மாடு ஆயிரம் கிலோ வரை இருக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கல்லூரி வளாகத்துக்குள்ளும் விடுதி ஓரத்திலும் வரும். கத்தாமல், ஃபிளாஷ் அடிக்காமல், அது போகிற வழியை விட்டு விலகி நிற்க வேண்டும். மாலை ஆறுக்குப் பிறகு விடுதிப் பாதையில் தனியாக நடக்கக் கூடாது என்று விடுதியில் அறையைக் காட்டிய அக்கா சொன்னதன் காரணம் பெண்களுக்கு இப்போது தெரிந்தது.

குஞ்சப்பனைச் சாவடியில் நின்றபோது கேள்வி அட்டைகளைத் திரும்ப வாங்கினோம். பின்பக்கம் புதிதாக எழுதியிருந்தார்கள். சில:

“விடுதியில் ராத்திரி பசித்தால் என்ன செய்வீர்கள் அக்கா?”

“கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அதை விட்டால்?”

“விலங்கியலில் தவளையை அறுக்க வேண்டுமா? மாட்டேன் என்றால் சேர்த்துக்கொள்வீர்களா?”

“நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர்?”

“சேர்ந்த பிறகு பாதியில் வேறு துறைக்கு மாற முடியுமா? எத்தனை நாளுக்குள்?”

“சூரியனின் இரைச்சலைக் கேட்கும் வேலைக்கு பி.எஸ்சி.யில் எதை எடுக்க வேண்டும்?”

கல்லூரிவாரியாகப் பிரித்து, நன்றிக் கடிதத்தோடு, பள்ளி முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையும் வைத்துத் திங்கட்கிழமை அனுப்புகிறோம். கடைசி அட்டை முத்தோரைக்குப் போகிறது.